நூலுக்கு வழி வகுத்தவர்

கொல்லிமலையில் செம்மேடு என்னும் ஊர் உளது. அதனை அறியாதார்க்கு ஊர்ப்பெயர் மட்டும் சொன்னாற் போதாது. நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை, வாழவந்தி நாடு, செம்மேடு எனப் பெரிதினின்று சிறிதுக்கு இறங்கிவரும் பெயர்த்தொடரே அவ்வூரைத் தவறாது காட்டும். ஊருக்கு வழி வேண்டுவது போலவே நூலகத்திலுள்ள நூலுக்கும் வழி வேண்டும். வழி தெரியாத நூல் இருந்தும் இல்லாததே ஆகும். இவ்வுண்மையைத் தெளிந்து, உலகிலுள்ள நூல்களுக்கெல்லாம் வழி வகுக்க முனைந்தவர் சீர்காழி இராமாமிருத அரங்கநாதன் ஆவார்.

அரங்கநாதன் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சீர்காழியிற் பிறந்தார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். 1924ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்தார். மாணவர் சூழ வாழ்ந்து பழகிய அவருக்கு, படிப்போர் வரவு அருகிய நூலகத்தின் தனிமை பெருந்துன்பமாயிற்று. சில நாட்களிலேயே கல்லூரிக்கு மீள விரும்பினார். ஆயினும், நூலகப் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றுவர இசைந்தார். அப்பயணமே அவர்தம் வாழ்க்கையை மாற்றியது.

இலண்டனில் பயின்ற காலத்து அவர் நூறு நூலகங்களுக்கு மேல் சென்று கண்டார். பழைய நூலகங்கள் பலவற்றில் பேழை எண்ணும் தட்டின் எண்ணுமே நூலுக்கு அடையாளமாக இருந்தன. பேழை இடம் பெயர்ந்தால் அவ்வடையாளம் பொய்த்துவிடும். அமெரிக்கரான மெல்வில் டூயி 1876ஆம் ஆண்டு வெளியிட்ட பகுப்புமுறை இக்குறையை நீக்கியது. அது நூலின் பொருளை நோக்கி எண் தந்தது. ஆயினும், முன்னரே வகுத்து வைத்த வகைகளுள் ஒவ்வொரு நூலையும் அடக்கியாதல் வேண்டும். புதிய பொருள்கள் தோன்றுந்தோறும் அம்முறை இடர்ப்பட்டது.

ஒருநாள் அரங்கநாதன் இலண்டன் கடையொன்றில் சிறுவர் விளையாட்டுப் பொருளைக் கண்டார். ஒரே தொகுதியிலுள்ள உலோகப் பட்டைகளையும் சக்கரங்களையும் திருகுகளையும் இணைத்துப் பல்வேறு பொறிகளை ஆக்குதல் கூடும். நூலின் எண்ணையும் இங்ஙனம் உறுப்புகளை இணைத்து ஆக்கலாமே என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் உதித்தது.

கொல்லிமலையில் சாமைப் பயிருக்கு வரும் நோயைப் பற்றிய நூல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். உழவு என்னும் துறை, சாமை என்னும் பயிர், நோய் என்னும் இடர், கொல்லிமலை என்னும் இடம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி உண்டு. அக்குறிகளை முறையாக இணைத்தால் நூலின் எண் கிடைக்கும். நாளை வேறொரு மலையைப் பற்றி நூல் எழுந்தால் இடத்தின் குறியை மாற்றினாற் போதும். உறுப்புகளைப் பிரித்தும் இணைத்தும் காட்ட அவர் முக்காற்புள்ளியைக் கையாண்டார். அதனால், 1933ஆம் ஆண்டு வெளிவந்த அம்முறை முக்காற்புள்ளிப் பகுப்புமுறை எனப் பெயர் பெற்றது.

வழி வகுத்தலோடு அவர் அமையவில்லை. படிப்போர் தாமே நூலடுக்குகளை அணுகி வேண்டிய நூலை எடுக்க வகை செய்தார். 1928ஆம் ஆண்டு சென்னை நூலகச் சங்கம் தோன்றப் பாடுபட்டார். நூல்கள் பூட்டி வைத்தற்குரியன அல்ல, பயன்படுத்தற்குரியன என்னும் கருத்தை முதலாவதாகக் கொண்ட ஐந்து விதிகளை 1931ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் அவரது இடையறா முயற்சியின் பயனாகும். 1957ஆம் ஆண்டு அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. தம் சேமிப்பினின்று ஒரு இலட்சம் ரூபாயை நூலகவியற் கல்விக்கென்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஈந்தார். 1972ஆம் ஆண்டு பெங்களூரில் இயற்கை எய்தினார்.

இன்று நூலகத்தினும் மிகுதியான ஏடுகள் கணினியில் உறைகின்றன. அங்கும் சிக்கல் அதுவே. கணினியில் மூலக் கோப்புறையினின்று தொடங்கி, கோப்புறைக்குள் கோப்புறையாக இறங்கிக் கோப்பை அடைகிறோம். இடையிடையே சாய்கோடு நின்று பெயர்களைப் பிரிக்கிறது. இத்தொடரே பாதை எனப்படும். நிரல் எழுதுவோர் அதில் ஓரெழுத்தைப் பிழைபட எழுதினாலும், கோப்பு இருந்தும் கணினி அதனைக் காணாது. மூலத்தினின்று எழுதிய முழுப்பாதை, கோப்புறை இடம் பெயர்ந்தால், பேழை எண்ணைப் போலவே பொய்த்துவிடும். நிற்கும் இடத்தினின்று எழுதிய சார்புப்பாதையோ, கோப்புறைத் தொகுதி முழுதும் ஒருங்கே பெயர்ந்தாலும் பிழையாது. சில கணினிகளில் சாய்கோடு மறுபுறம் சாய்ந்திருக்கும். ஆதலின், உறுப்புகளைத் தந்தால் உரிய குறியிட்டு இணைத்துத் தரும் கருவியை நிரல் மொழிகள் பல கொண்டுள்ளன.

அறிவைத் தேடித் தொகுத்தல் நன்று. தொகுத்ததைப் பிறர் எளிதில் எடுக்குமாறு ஒழுங்குபட வைத்தல் அதனினும் நன்று. தேடிவந்த ஏழை மாணவன் வெறுங்கையோடு திரும்பலாகாது என்னும் அருளே அரங்கநாதனின் கணித அறிவை நூலகத் தொண்டாக மலரச் செய்தது.