பொகவந்தலாவையில் துயிலும் புகைப்படக் கலைஞர்

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலே, தேயிலைச் செடிகள் சூழ நிற்கும் புனித மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், உலகப் புகழ் பெற்ற பெண்மணி ஒருவர் துயில்கின்றார். புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையாரே அவர். இலங்கை வரலாறு கற்றோர் 1833ஆம் ஆண்டின் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தங்களை அறிவர். அந்தக் கமரனுடைய வாழ்க்கைத் துணைவியே இவ்வம்மையார்.

இவர் 1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். 1838இல் அந்நகரிலேயே மணம் புரிந்தார். பின்னர் குடும்பம் இங்கிலாந்து சென்று, வைட் தீவிலே குடியமர்ந்தது. 1863ஆம் ஆண்டின் இறுதியில், அம்மையாருக்கு 48 வயது நடக்கையில், மகளும் மருமகனும் படக்கருவி ஒன்றைப் பரிசளித்தனர். பொழுதுபோக்குக்கென வந்த அப்பொருள் அவர் வாழ்வையே மாற்றிற்று. கோழிக்கூடு படம்பிடிக்கும் கண்ணாடிக் கூடமாயிற்று. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. கவிஞர் டென்னிசன், வானியல் அறிஞர் ஹேர்ஷல், உயிரியல் மேதை டார்வின் முதலியோர் அவர் முன் அமர்ந்தனர். படங்கள் மங்கலாக உள்ளன எனக் குறை கூறியோர் பலர். எனினும், அம்மையார் தம் வழியினின்றும் விலகினாரல்லர்.

கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1869இல் இங்கே தலைகாட்டிய இலைநோயோ கோப்பிப் பயிரை ஆண்டுதோறும் அரித்து வந்தது. இந்நிலையில், 1875இல் இருவரும் இலங்கை வந்து, களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழலாயினர். களுத்துறை இல்லத்துக்கு வந்து தங்கிய ஓவியர் மரியான் நோர்த், அங்கே முயல்களும் அணில்களும் மைனாக்களும் அச்சமின்றி உள்ளே வந்து போயின என்று எழுதிவைத்துள்ளார்.

ஆயினும், அப்பறவைகளைப் படம்பிடித்தல் அக்காலத்தில் எளிதன்று. கண்ணாடித் தகட்டில் இரசாயனக் கலவை பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். அம்மையார் கையாண்ட பெருந்தகடுகளுக்கு மூன்று முதல் ஏழு நிமிடம் வரை ஒளி தேவைப்பட்டது. நொடிப்பொழுதும் ஓய்ந்திராத பறவை அத்தகட்டில் பதிவதெங்ஙனம்? வெப்பநாட்டிலோ ஈரம் மேலும் விரைந்து உலரும்.

அசையாது நின்றவர்கள் மனிதரே. இந்நாட்டு மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் அம்மையார் படம்பிடித்தார். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் இன்று அறியப்படுபவை முப்பதுக்கும் குறைவே. அவற்றின் தலைப்புகளோ களுத்துறைக் குடியானவர், இளம்பெண் என்பன போன்ற பொதுச் சொற்களாய் அமைந்துள்ளன. வைட் தீவில் தேவமாதாவாகக் கோலம் பூண்டு நின்ற பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயரை உலகம் அறியும். இங்கே நின்றோர் பெயரை எவரும் எழுதிவைத்திலர். தமிழகத்திலிருந்து நடந்து வந்து மலைநாட்டைத் திருத்திய மக்களின் வரலாற்றை ஆராய்வோர் இக்குறையைக் கருதுதல் வேண்டும்.

1879ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், திக்கோயாப் பகுதியிலுள்ள கிளென்கெயார்ன் தோட்டத்தில் அம்மையார் காலமானார். மறு ஆண்டில் மறைந்த கணவரும் அவர் அருகே அடக்கம் செய்யப்பெற்றார். அவர்தம் பெயர்களைக் கல்லறை தாங்கி நிற்கின்றது. அம்மையாரின் முன் பொறுமையோடு நின்ற உழைப்பாளரின் முகங்களோ பெயரின்றி அயல்நாட்டுக் காட்சிச்சாலைகளில் உள்ளன. அம்முகங்களை நம் மாணவர்க்குக் காட்டி, அவர்தம் கதையைத் தேடத் தூண்டுதல் ஆசிரியர் செய்யத்தக்க நற்பணியாகும்.