புறூடன்ஸ் கிறண்டல் அம்மையார்

கல்லூரியொன்று விழாக் கொண்டாடும் வேளையில் அதனை நிறுவியோரையும் வளர்த்தோரையும் நினைவுகூர்தல் மரபு. அந்நினைவோடு, பிற நாடுகளிற் கல்விப்பணி புரிந்து இடர்ப்பட்ட பெரியோர் சிலரின் வரலாற்றையும் அறிந்துகொள்ளுதல் பழைய மாணவராகிய நமக்கும் இன்று பயிலும் இளைஞர்க்கும் பயன் தருவதாகும். தனியார் நடத்தும் பாடசாலையொன்றில், அதுகாறும் இடம்பெறாத இனத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது எத்துணை அரிய செயல்; அப்பிள்ளைகளின் குடும்பத்தவர் நம்பிக்கையைப் பெறுதற்கும் காத்தற்கும் யாது செய்தல் வேண்டும் என்பவற்றைத் தம் வாழ்க்கையாற் காட்டியவர் அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்த புறூடன்ஸ் கிறண்டல் அம்மையார். அவர் கறுப்பினப் பெண்பிள்ளைகளுக்கெனப் பாடசாலை நடத்திய காலம் பதினேழு மாதங்களே. ஆயினும் அச்சிறு காலம் அவர் பெயரை அந்நாட்டுக் கல்வி வரலாற்றில் நிலைபெறச் செய்தது.

அம்மையார் 1803ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆம் நாள் றோட் ஐலன்ட் மாநிலத்து ஹொப்கின்ரன் என்னும் ஊரிற் பிறந்தார். பெற்றோர் குவேக்கர் சமயப் பிரிவினர். எளிய வாழ்வும், போரையும் அடிமை முறையையும் வெறுத்தலும் அப்பிரிவினரின் கொள்கைகள். பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கொப்பக் கல்வி வேண்டும் என்பதும் அவர்தம் துணிபு. குடும்பம் பின்னர் அயலிலுள்ள கனெற்றிக்கற் மாநிலத்திற் குடியேறியது. அம்மையார் பிறொவிடன்ஸ் நகரிற் குவேக்கர் நடத்திய விடுதிப் பாடசாலையிற் கற்று, ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார்.

1831ஆம் ஆண்டில் கனெற்றிக்கற்றின் கிழக்குப் பகுதியிலுள்ள கன்ரபெரி என்னும் சிற்றூரார், தம் பெண்மக்களுக்கு உயர்தரப் பாடசாலையொன்று வேண்டுமென விரும்பி அம்மையாரை அழைத்தனர். அவர் ஊரின் நடுவிலிருந்த பெரிய வீடொன்றைக் கடன்பட்டு வாங்கி, அவ்வாண்டு நவம்பர் மாதத்திற் பாடசாலையைத் தொடங்கினார். இலக்கணம், எண்கணிதம், பூமிசாத்திரம், சரித்திரம், இரசாயனம், வானசாத்திரம் முதலியன கற்பிக்கப்பெற்றன. விரும்பியோர் பிரெஞ்சு மொழியும் சித்திரமும் இசையும் பயின்றனர். ஊர்ப் பெருமக்களின் புதல்வியர் நிறைந்தனர். ஓராண்டுக்குள் அப்பாடசாலை ஊரவர் பெருமைப்படும் நிறுவனமாயிற்று.

1832ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் சாரா ஹரிஸ் என்னும் கறுப்பின நங்கை அம்மையாரிடம் வந்தார். அவர் அயலில் வாழ்ந்த கமக்காரர் ஒருவரின் மகள், வயது இருபது. ஊர்ப்பாடசாலையிற் படித்தவர், மேலும் சிறிது கற்றுத் தம்மினப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக விரும்பினார். அம்மையார் வீட்டிற் பணிபுரிந்த கறுப்பினப் பெண்ணொருத்தியின் வாயிலாக, அடிமை முறையை எதிர்த்து வில்லியம் லொயிட் கரிசன் என்பார் பொஸ்ரனில் நடத்திய பத்திரிகையை அம்மையார் ஏற்கெனவே படித்து வந்தார். சிறிது காலம் எண்ணிப் பார்த்தபின் சாராவைச் சேர்த்துக்கொண்டார்.

மாணவியரிடையே குழப்பம் எதுவும் எழவில்லை. அவருட் சிலர் முன்பு ஊர்ப்பாடசாலையிற் சாராவோடு ஒருங்கிருந்து படித்தவரே. குழப்பம் பெற்றோரிடமிருந்தே எழுந்தது. சாராவை விலக்காவிடின் பாடசாலை அழியும் என்று எச்சரித்தனர். தம் புதல்வியரை விலக்கிக்கொள்ளவும் தலைப்பட்டனர். அம்மையார் சாராவை விலக்க மறுத்தார். வீட்டுக்குப்பட்ட கடன் தலைமேலிருந்தது, வேறு வருவாயில்லை. இந்நிலையில் அவர் எடுத்த முடிவு ஊரையே திடுக்கிடச் செய்தது. வெள்ளையர் விலகுவாராயின், பாடசாலை முழுவதையும் கறுப்பினப் பெண்பிள்ளைகளுக்கென்றே நடத்துவது எனத் துணிந்தார்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று நோக்குதல் தகும். கதவைத் திறந்துவிட்டால் மாணவியர் தாமே வந்து நிறைவர் என்று அம்மையார் இருந்துவிடவில்லை. கறுப்பினப் பெற்றோர் அப்பாடசாலையை ஏன் நம்ப வேண்டும்? தம் மகளை முன்பின் அறியாத ஊருக்கு, அதிலும் பகைமை கொண்ட ஊருக்கு அனுப்புவதற்கு அவர்க்கு உறுதி தருவார் யாவர்? இவ்வினாக்களை அம்மையார் நன்கு உணர்ந்திருந்தார். 1833 சனவரியிற் கரிசனுக்குக் கடிதம் எழுதி, இருபது அல்லது இருபத்தைந்து மாணவியரைப் பெறுதல் இயலுமோ என வினவினார். பின்னர்த் தாமே பொஸ்ரனுக்குச் சென்று அவரைக் கண்டார். பிறொவிடன்ஸ், நியூயோர்க் நகரங்களுக்கும் பயணஞ்செய்து, கறுப்பினக் குடும்பத்தவரையும் அவர்தம் குருமாரையும் நேரிற் கண்டு பேசினார்.

1833 மார்ச்சு 2ஆம் நாள் கரிசனின் பத்திரிகையில் விளம்பரம் வெளிவந்தது. பாடசாலை ஏப்பிரல் முதலாந் திங்கட்கிழமை தொடங்கும் என்றும், உணவு உறையுள் உட்பட மூன்று மாதத்துக்குக் கட்டணம் 25 டொலர் என்றும், அதிற் பாதி முற்பணமாகச் செலுத்தப்படல் வேண்டும் என்றும் அதில் அறிவிக்கப்பெற்றது. கீழே, பாடசாலையைப்பற்றி விசாரித்தறியத்தக்க பெரியோரின் பெயர்கள் இருந்தன. பொருள்மிக்க வெள்ளை வணிகராகிய ஆதர் தப்பான், அயலூர்க் குருவாகிய சாமுவேல் மே ஆகியோரோடு, பிலடெல்பியாவிற் கப்பற்பாய் செய்யும் தொழிலாற் செல்வராய ஜேம்ஸ் போர்ட்டன் முதலான கறுப்பினத் தலைவர் பலரும் அப்பட்டியலில் இடம்பெற்றனர். தாம் மதிக்கும் தம்மவர் பெயரைக் கண்ட பின்னரே பெற்றோர் மனந்துணிந்தனர் எனலாம். பிலடெல்பியா, நியூயோர்க், பொஸ்ரன், பிறொவிடன்ஸ் ஆகிய நகரங்களிலிருந்தும் கனெற்றிக்கற்றின் பல பகுதிகளிலிருந்தும் மாணவியர் வந்தனர். காலப்போக்கில் அவர் தொகை இருபதைக் கடந்தது.

ஊரவர் வாளாவிருக்கவில்லை. விளம்பரம் வெளிவந்த ஒரு கிழமைக்குள் ஊர்க்கூட்டம் கூடிற்று. பாடசாலைக்கு அடுத்த வீட்டில் வாழ்ந்த வழக்கறிஞரும் அரசியல்வாதியுமாகிய அன்று யட்சன் எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். பெண்கள் அத்தகைய கூட்டங்களிற் பேசும் வழக்கமில்லாமையால், அம்மையார் சார்பிற் பேசுவதற்குச் சென்ற சாமுவேல் மே முதலியோர்க்கும் பேச இடமளிக்கப்படவில்லை.

பாடசாலை தொடங்கியபின் இடர்கள் பெருகின. கடைக்காரர் பொருள் விற்க மறுத்தனர். கிணற்றிற் சாணம் கொட்டப்பெற்றது. ஆலயக் கதவு அடைக்கப்பெற்றது. வைத்தியரும் வர மறுத்தார். அம்மையாரின் தந்தையார் தொலைவிலிருந்து தண்ணீரும் உணவும் வண்டியிற் கொணர்ந்து கொடுத்தார். தங்கையார் அல்மைரா உடனிருந்து கற்பித்தார். பிறொவிடன்சிலிருந்து வந்த பதினேழு வயதுச் சிறுமியொருத்திமீது, நாடோடிகளைத் தண்டிக்கும் பழைய சட்டமொன்று ஏவப்பெற்றது. அச்சட்டப்படி அபராதமும் கசையடியும் விதிக்கலாம். அச்சிறுமியோ தண்டனைக்கும் அஞ்சாது நின்றாள். சாமுவேல் மே முதலியோர் பிணைப்பொறுப்பேற்று அவளைக் காத்தனர்.

அப்பழைய சட்டம் பயன்படாமை கண்டு, யட்சனும் அவரைச் சார்ந்தோரும் மாநிலச் சட்டசபையை நாடினர். 1833 மே 24ஆம் நாள் புதிய சட்டம் நிறைவேறியது. பிற மாநிலத்துக் கறுப்பினத்தவரைக் கற்பிக்கும் பாடசாலையை, ஊராட்சியினரின் எழுத்துமூலமான இசைவின்றி எவரும் நடத்தலாகாது என்பது அதன் சாரம். கறுப்புச் சட்டம் என்று வழங்கப்பெற்ற இது நிறைவேறிய செய்தி எட்டியதும் கன்ரபெரியில் மணிகள் ஒலித்தன, பீரங்கி முழங்கிற்று. யூன் 27ஆம் நாள் அம்மையார் சிறைப்படுத்தப்பெற்றார். நண்பர்கள் உடனே பிணைப்பணம் செலுத்தியிருக்கலாம். ஆயினும், கற்பித்த குற்றத்துக்காக ஒரு பெண் சிறையிலடைக்கப்பட்டாள் என்பதை நாடு அறிதல் வேண்டுமென்று கருதி, அம்மையாரின் உடன்பாட்டோடு ஓரிரவு தாழ்த்தனர்.

வழக்குச் செலவை ஆதர் தப்பான் ஏற்றார். அம்மையாரின் கட்சியை எடுத்துரைக்கும் பொருட்டு அயலூரிற் புதிய பத்திரிகையொன்றையும் தொடங்குவித்தார். ஓகஸ்ட் மாதத்து முதல் விசாரணையில் யூரிமார் ஒருமுடிவுக்கு வரவில்லை. ஒக்டோபரில் நிகழ்ந்த இரண்டாம் விசாரணையில், கறுப்பினத்தவர் ஐக்கிய நாட்டின் குடிமக்கள் அல்லர் என்று நீதியரசர் டேவிட் டகற் யூரிமாருக்கு அறிவுறுத்தினார். அம்மையார் குற்றவாளியெனக் காணப்பெற்றார். மேன்முறையீட்டில், 1834 யூலை மாதம், குற்றப்பத்திரத்திலிருந்த குறையொன்றைக் காட்டி மாநில உயர்மன்று அத்தீர்ப்பைத் தள்ளியது. குடியுரிமை பற்றிய பெருவினாவுக்கு அம்மன்று விடை கூறவில்லை.

சட்டத்தால் முடியாததை வன்முறை செய்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் அம்மையார் கல்வின் பிலியோ என்னும் குருவை மணந்தார். செப்டெம்பர் 9ஆம் நாள் இரவு, மாணவியர் துயின்றுகொண்டிருந்த வேளையில், ஒரு கூட்டத்தார் தடியும் இரும்புக்கம்பியும் கொண்டு வீட்டைச் சூழ்ந்து யன்னல்களை நொறுக்கினர். தொண்ணூறுக்கு மேற்பட்ட கண்ணாடிகள் உடைந்தன. தம்மை நம்பி ஒப்படைக்கப்பெற்ற பிள்ளைகளின் உயிருக்கு இனி உறுதி கூறல் இயலாது என்று கண்ட அம்மையார் மறுநாட் பாடசாலையை மூடினார். சாமுவேல் மே மாணவியர்க்கு அச்செய்தியை அறிவித்தார்.

ஒன்று கருதத்தக்கது. மாணவியர் இன்மையாலோ பணமின்மையாலோ அப்பாடசாலை மூடப்படவில்லை. தண்ணீர் மறுக்கப்பட்டபோதும், சிறை வந்தபோதும், வழக்கு நீண்டபோதும் பெற்றோர் புதல்வியரை அனுப்பியவண்ணமே இருந்தனர். ஆசிரியை தம் பிள்ளைகளைக் கைவிடார் என்னும் நம்பிக்கையே அவர்களை அங்கு நிலைநிறுத்தியது. அம்மையார் மூடியதும் அந்நம்பிக்கையைக் காக்கும் பொருட்டே.

பின்னர் அம்மையார் இலினோய் மாநிலத்துக்குச் சென்று அங்கும் கற்பித்தார். கணவர் 1874இல் இறந்தபின் கான்சஸ் மாநிலத்தில் எல்க் போல்ஸ் என்னும் ஊரிற் குடியேறினார். கறுப்புச் சட்டம் 1838இலேயே நீக்கப்பெற்றது. ஆயினும் டகற்றின் அறிவுரை, அடிமை முறைக்கு அரணாக அமைந்த 1857ஆம் ஆண்டுத் திரெட் ஸ்கொற் தீர்ப்பில் எடுத்தாளப்பெற்றது. 1886இற் கன்ரபெரி ஊரவரின் விண்ணப்பத்தின் பேரிற் கனெற்றிக்கற் சட்டசபை அம்மையாருக்கு ஆண்டுக்கு 400 டொலர் உபகாரப்பணம் வழங்கியது. எழுத்தாளர் மார்க் துவெயின் அம்முயற்சிக்கு ஆதரவளித்தார். 1890 சனவரி 28ஆம் நாள் அம்மையார் மறைந்தார். 1995இல் அம்மாநிலம் அவரைத் தன் வீராங்கனையாக ஏற்றுக்கொண்டது. அவர் பாடசாலை நடத்திய வீடு அரும்பொருளகமாகப் பேணப்பெறுகின்றது.

மாணவியரும் வீண்போகவில்லை. சாரா ஹரிஸ் மணம்புரிந்து, தம் மூத்த மகளுக்கு ஆசிரியையின் பெயரையே சூட்டினார். யூலியா வில்லியம்ஸ் என்பார் மேலும் கற்று, கறுப்பின விடுதலைக்குழைத்த ஹென்றி கார்னற்றின் மனைவியாய், அப்பணியில் அவருக்குத் துணைநின்றார்.

இவ்வரலாறு நமக்குத் தொலைவானதன்று. வட்டுக்கோட்டையில் 1823இற் செமினரியையும் உடுவிலில் 1824இற் பெண்கள் விடுதிப் பாடசாலையையும் நிறுவிய அமெரிக்க மிசனரிமார்க்குப் பொருளுதவி செய்தோர், கனெற்றிக்கற் உள்ளிட்ட நியூ இங்கிலாந்துப் பகுதியினரே. கடல்கடந்த தமிழ்ச்சிறுமிக்குக் கல்வி வேண்டுமென எண்ணிய அந்நாட்டில், அயல்வீட்டுக் கறுப்பினச் சிறுமிக்கு அது மறுக்கப்பெற்றது. பிறரைக் குறை கூறுமுன் நம்மையும் நோக்குதல் கடன். 1930ஐ அண்டிய ஆண்டுகளில், யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்க முற்பட்டபோது, நம்மவரே எதிர்த்தனர். சில பாடசாலைகள் தீக்கிரையாயின.

ஆதலின், ஒரு கல்லூரி புதிய குடும்பத்தவரை வரவேற்கின்றது என்பதை அனுமதிப் பத்திரத்தைக் கொண்டுமாத்திரம் அளவிடலாகாது. அவர்தம் இல்லத்தை நாடிச் சென்றதா? அவர் நம்பும் பெரியோரைத் துணைக்கொண்டதா? பிள்ளைக்கு இடர் வந்தபோது ஆசிரியர் உடன்நின்றனரா? ஏனைய பெற்றோர் வெகுண்டபோது தலைமை தளராதிருந்ததா? இவ்வினாக்களுக்கு ஆம் என்று விடை கூறக்கூடிய கல்லூரியே தன் பழைய மாணவர் பட்டியலைப் பெருமையோடு வெளியிடத்தக்கது. நமது கல்லூரியின் வருங்காலம் அவ்விடையைக் கூறுவதாக.