பட்டறையில் வளர்ந்த பிரௌனிங்

குழந்தைகளே, ஸ்டேப்ளரில் பின் சிக்கிக்கொண்டு நீங்கள் திண்டாடியது உண்டா? உள்ளே இருக்கும் ஸ்பிரிங், பின்களை வரிசையாகத் தள்ளுகிறது. ஒரு பின் கோணினாலும் வேலை நின்றுவிடும். கைத்துப்பாக்கியிலும் இதே தொல்லை உண்டு. அதைத் தீர்க்கப் பல ஆண்டுகள் பாடுபட்டவர்தான் ஜான் மோசஸ் பிரௌனிங்.

அமெரிக்காவின் யூட்டா பகுதியில், ஆக்டன் என்னும் ஊரில் 1855-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் தேதி பிறந்தார். அப்பா ஜோனதன், துப்பாக்கி செய்யும் தொழிலாளி. அவருக்கு மொத்தம் 22 குழந்தைகள்! அப்பாவின் பட்டறைதான் ஜானுக்கு விளையாட்டு மைதானம். சுமார் பத்து வயதில், உடைந்த பழைய துப்பாக்கிக் குழலை மரத்துண்டில் கம்பியால் கட்டி, தானே ஒரு துப்பாக்கி செய்துவிட்டார். (நீங்கள் யாரும் இதை முயன்று பார்க்கக் கூடாது, சொல்லிவிட்டேன்!) 1879-இல் முதல் காப்புரிமை கிடைத்தது. 1883-இல் வின்செஸ்டர் நிறுவனம் அந்தத் துப்பாக்கியின் உரிமையை 8,000 டாலருக்கு வாங்கியது.

பிறகு, தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கியில் இறங்கினார். அது எப்படி வேலை செய்கிறது தெரியுமா? சுட்டவுடன் அந்த வேகத்தில் மேல்பகுதி பின்னால் ஓடும். காலியான தோட்டா உறை வெளியே தெறிக்கும். ஸ்பிரிங் மேல்பகுதியை மீண்டும் முன்னால் தள்ளும். அப்போது, கைப்பிடிக்குள் அடுக்கியுள்ள தோட்டாக்களில் மேலே இருப்பது ஒரு சிறு சரிவில் ஏறிக் குழலுக்குள் நுழையும். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சரிவு சொரசொரப்பாக இருந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்தாலோ தோட்டா பாதி வழியில் சிக்கிவிடும். போர்முனையில் அப்படிச் சிக்கினால், வீரரின் உயிருக்கே ஆபத்து அல்லவா?

1907 முதல் அமெரிக்க ராணுவம் நடத்திய சோதனைகளில் பிரௌனிங்கின் துப்பாக்கியிலும் குறைகள் தெரிந்தன. அவர் சோர்ந்துவிடவில்லை, ஒவ்வொன்றாகத் திருத்தினார். இறுதிச் சோதனையில் ஒரே துப்பாக்கியால் 6,000 முறை சுட்டார்கள். சூடேறியபோது தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். போட்டித் துப்பாக்கி 37 முறை பழுதானது. பிரௌனிங்குடையது ஒருமுறைகூடப் பழுதாகவில்லை! 1911 மார்ச்சில் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1914 ஜூன் 28-ஆம் தேதி சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டைக் கொன்றதும் பிரௌனிங் வடிவமைத்த கைத்துப்பாக்கிதான். அதைத் தொடர்ந்து முதல் உலகப்போர் மூண்டது. சிக்காமல் சுடும் கருவிக்கு, யார் கையில் இருக்கிறோம் என்று தெரியாதே!

1926 நவம்பர் 26-ஆம் தேதி பெல்ஜியத்தின் லியேஜ் நகரத் தொழிற்சாலையில் இருந்தபோது மாரடைப்பால் பிரௌனிங் காலமானார். அப்போது அவர் பாதியில் விட்டுச்சென்ற கைத்துப்பாக்கியை, அங்கே பணியாற்றிய டியூடோனே சைவ் 1935-இல் முடித்துக் கொடுத்தார்.