கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் 1906ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் கிரேஸ் அம்மையார் பிறந்தார். ஏழு வயதுச் சிறுமியாக இருந்தபோது, கடிகாரம் எவ்வாறு மணியடிக்கின்றது என்று அறியும் ஆவலால் ஒன்றைக் கழற்றினார். மீண்டும் பூட்டத் தெரியவில்லை. மற்றொன்றைத் திறந்து பார்த்தால் வழி புலப்படும் என்று எண்ணினார். அதற்கும் அதே கதி நேர்ந்தது. வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் துண்டு துண்டாகக் கிடந்த பின்னரே அன்னையார் அதனைக் கண்டார். சினந்து அடிக்கவில்லை, இனி ஒரு கடிகாரத்தை மட்டுமே பிரிக்கலாம் என்று வரம்பு கட்டியதோடு விட்டார்.

வாசர் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் பயின்று 1928இல் பட்டம் பெற்ற அவர், 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். தாம் பயின்ற கல்லூரியிலேயே ஆசிரியரானார். உலகப் போர் மூண்டபோது கடற்படையில் சேர விழைந்தார். வயது மிகுதி, எடையோ 15 பவுண்டு குறைவு என்று தடை கூறினர். சிறப்பு அனுமதி பெற்று 1943 டிசம்பரில் சேர்ந்தே விட்டார்.

1944இல் அவரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் 1 என்னும் கணக்கிடும் பொறியிடம் அனுப்பினர். 51 அடி நீளமும் 8 அடி உயரமும் கொண்ட அப்பொறி, நொடிக்கு மூன்று கூட்டல்களைச் செய்யும். அதற்குரிய கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாக இட்டனர். ஒரு கணக்குக்காக எழுதிய கட்டளைத் தொகுதியின் ஒரு பகுதி மற்றொரு கணக்குக்கும் பயன்படுவதை அங்கிருந்தோர் கண்டனர். ஒரு கோணத்தின் சைன் மதிப்பைக் காணும் கட்டளைகள் ஒருமுறை பிழையின்றி அமைந்துவிட்டால், அவற்றை மறுபடியும் புதிதாக ஆக்குவானேன்? ஆகவே, சோதித்துத் தேறிய துண்டுகளை ஏடுகளில் எழுதிவைத்து, ஒருவர் ஏட்டிலிருந்து மற்றவர் படியெடுத்துக்கொண்டனர். இத்தகைய துண்டுகளே துணை நிரல்கள் எனப்படும்.

போர் முடிந்தபின், 1949இல் அம்மையார் பிலடெல்பியா நகரில் யுனிவாக் கணிப்பொறியை உருவாக்கிய நிறுவனத்தில் சேர்ந்தார். ஏட்டு முறையின் குறை அங்கே நன்கு வெளிப்பட்டது. ஒவ்வொரு துணை நிரலும் பூச்சியம் என்னும் வரியில் தொடங்குமாறு எழுதப்பட்டிருந்தது. அதனைப் புதிய நிரலில் 300ஆம் வரியில் சேர்த்தால், அதனுள் குறித்துள்ள வரியெண்கள் ஒவ்வொன்றுடனும் 300ஐக் கூட்டவேண்டும். கணிதம் கற்றவர்களே இக்கூட்டலில் தவறினர்! படியெடுக்கும்போது 4 என்னும் எண், வெற்றிடத்தைக் குறிக்கும் முக்கோணக் குறியாக மாறிற்று. பி என்னும் ஆங்கில எழுத்து 13 ஆயிற்று. ஒரு குறி பிழைத்தால் கணக்கு முழுவதும் பிழையே. நல்ல துணை நிரல் ஏட்டிலே இருந்தும், பிழை தேடுவதில் நாட்கள் கழிந்தன.

கூட்டுவதும் படியெடுப்பதும் பொறிக்கே உரிய வேலைகள் அல்லவா? அவற்றை மனிதர் ஏன் செய்யவேண்டும் என்று அம்மையார் எண்ணினார். அவருடன் பணியாற்றிய பெட்டி ஹோல்பர்ட்டன் அம்மையார், பட்டியல்களை வரிசைப்படுத்தும் நிரலைக் கணிப்பொறியே ஆக்கித் தருமாறு 1951இல் செய்து காட்டியிருந்தார். அது ஹாப்பருக்கு ஊக்கமளித்தது. துணை நிரல்கள் அனைத்தையும் காந்த நாடாவில் பதித்து, நூலகத்துப் புத்தகங்களைப் போல ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பெண் கொடுத்தார். வேண்டிய எண்களை முறையாக எழுதித் தந்தால், கணிப்பொறி அத்துணை நிரல்களைத் தேடியெடுத்து, வரியெண்களைத் திருத்தி, ஒரே நிரலாக இணைத்துவிடும். இதுவே ஏ-0 எனப்பட்ட முதல் கம்பைலர். துணை நிரல் நூலகம் அவர் ஒருவரின் கண்டுபிடிப்பு என்று கூறுதல் பொருந்தாது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் அத்தகைய நூலகத்தை விளக்கி 1951இலேயே நூல் வெளியிட்டனர்.

வழியில் ஒரு சிக்கல் எழுந்தது. யுனிவாக்கின் நினைவகம் 1000 சொற்களே கொள்ளும். துணை நிரல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஓட்டத்தில் அடுக்கவேண்டும். முன்னரே அடுக்கிய பகுதிக்குத் திரும்பித் தாவுவது எளிது. இனிமேல் வரவேண்டிய பகுதிக்குத் தாவுவது எங்ஙனம்? அதன் இடமே இன்னும் தெரியாதே! அப்போது அம்மையாருக்குக் கல்லூரியில் ஆடிய கூடைப்பந்து நினைவுக்கு வந்தது. பெண்களுக்கான அக்கால விதிப்படி, பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுதல் கூடாது. ஆகவே, தோழியிடம் எறிந்துவிட்டு முன்னே ஓடி, மீண்டும் பெற்றுக்கொள்வர். அவ்வாறே நினைவகத்தின் கடைசியில் ஒரு மூலையை ஒதுக்கினார். தாவல் முதலில் அம்மூலைக்குச் செல்லும். உரிய பகுதி வந்து அமர்ந்தபின், அதன் இடம் மூலையில் எழுதப்படும்.

1952 மே மாதம் பிட்ஸ்பர்க் நகரில் இம்முறையை விளக்கிக் கட்டுரை படித்தார். ஆயினும், கணிப்பொறி கணக்கிடுமேயன்றி நிரல் எழுதாது என்று பலரும் சாதித்தனர். இயங்கும் பொருளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே, அதனை நம்புவாரைத் தேடவேண்டியிருந்தது. அவர் தளரவில்லை. ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளையிடும் ஃப்ளோமேட்டிக் மொழியைப் படைத்தார். 1959இல் ஒரு குழுவினர் வகுக்கத் தொடங்கிய கோபால் மொழிக்கு அதுவே பெரிதும் அடிப்படையாயிற்று.

கடற்படை அவரை 1966இல் ஓய்வுபெறச் செய்து, மறு ஆண்டே திரும்ப அழைத்தது. ரியர் அட்மிரல் பதவியோடு 1986இல் இறுதியாக விலகியபோது அவருக்கு வயது 79. ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் மின் குறிப்பு செல்லக்கூடிய தொலைவைக் காட்ட, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பித் துண்டுகளைத் தம் சொற்பொழிவு கேட்க வந்தோர்க்குக் கொடுப்பது அவர் வழக்கம். 1992ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் படை மரியாதையோடு அடக்கம் செய்யப்பெற்றார்.