முடி சூட்டிய கை
(சார்லமேன் சக்கரவர்த்தியின் வரலாறு)

ஐரோப்பியச் சரித்திரத்தில் மகா சக்கரவர்த்தி என்று போற்றப்படுபவர் சார்லமேன். 46 ஆண்டுகள் அரசாண்ட அவர் வாளால் வென்ற நாடுகள் பல. ஆயினும், முடியை அளிப்பவர் யார், அதற்கு உரியவர் யார் என்னும் இரு வினாக்கள் அவரை ஆயுள் முழுதும் தொடர்ந்தன. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

பிராங்கியர் நாட்டில் பழைய மரபினர் பெயரளவில் மன்னராயிருக்க, ஆட்சிப் பொறுப்பு அரண்மனைத் தலைவர் கையில் இருந்தது. அத்தலைவராகிய பெப்பின், போப்பாண்டவரின் இசைவு பெற்று, 751-இல் மன்னரை நீக்கித் தாமே அரியணை ஏறினார். அவர் மைந்தரே சார்லமேன். 754-இல் போப்பாண்டவர் இரண்டாம் ஸ்டீபன் ஆல்ப்ஸ் மலை கடந்து வந்து, பெப்பினுக்கும் புதல்வர் இருவருக்கும் திருத்தைலம் பூசினார். பெப்பினும் லம்பார்டியரிடமிருந்து கைப்பற்றிய இத்தாலிய நிலங்களைத் திருச்சபைக்கு அளித்தார்.

768-இல் பெப்பின் மறையவே, வழக்கப்படி நாடு புதல்வர் இருவருக்கும் பங்கிடப்பட்டது. அவர்களிடையே ஒற்றுமை இல்லை. 771-இல் இளையவர் கார்லோமான் இறந்தார். அவருக்குக் குழந்தைகள் இருந்தும், அவர் பங்கைத் தமையனே எடுத்துக்கொண்டார். விதவைத் தாய் குழந்தைகளுடன் லம்பார்டிய மன்னரிடம் அடைக்கலம் புகுந்தார். அக்குழந்தைகளை அரசராக்குமாறு அம்மன்னர் போப்பாண்டவர் ஏட்ரியனை நெருக்க, அவரோ மறுத்துச் சார்லமேனின் உதவியை நாடினார். 774-இல் லம்பார்டிய முடியும் சார்லமேன் வசமாயிற்று. அவர் கையில் சிக்கிய தம்பி மக்களைப் பற்றி, அதன்பின் சரித்திரத்தில் ஒரு சொல்லும் இல்லை.

சார்லமேன் முப்பதாண்டுகளுக்கு மேல் சாக்சனியருடன் பொருதார்; ஆல்குயின் முதலிய அறிஞரை வரவழைத்துக் கல்வியும் வளர்த்தார். 799-இல் ரோமாபுரியில் போப்பாண்டவர் மூன்றாம் லியோவைப் பகைவர் தாக்கினர். தப்பி வந்து சரண் புகுந்த அவரைச் சார்லமேன் மீண்டும் பீடத்தில் அமர்த்தினார். 800-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, புனித பேதுரு ஆலயத்தில் சார்லமேனின் தலையில் லியோ மகுடம் சூட்ட, மக்கள் சக்கரவர்த்தி என்று முழங்கினர். அடைக்கலம் புகுந்தவர் கை மேலே. அடைக்கலம் தந்தவர் தலை கீழே!

இதன் பொருளைச் சார்லமேன் உணர்ந்தார் போலும். 806-இல் பேரரசை மைந்தர் மூவருக்கு வகுத்து வைத்தார். 810-இலும் 811-இலும் இருவர் மாண்டனர். எஞ்சிய லூயிக்கு, 813-இல் ஆகென் நகரில், போப்பாண்டவர் இன்றியே சக்கரவர்த்தி முடி சூட்டுவித்தார். 814 ஜனவரி 28-ஆம் நாள் சார்லமேன் காலமானார்.

ஆனால் லூயியோ 816-இல் ரைம்ஸ் நகரில் போப்பாண்டவர் நான்காம் ஸ்டீபன் கையால் மறுபடியும் முடி சூடிக்கொண்டார். அவருடைய புதல்வர்கள் 841-இல் போர்க்களத்தில் எதிரெதிரே நின்று, 843-இல் வெர்துன் உடன்படிக்கையால் பேரரசை மூன்றாகப் பிரித்துக்கொண்டனர்.

பிறர் கையால் பெற்ற முடி பிறர் கைக்கே கட்டுப்பட்டது. தம்பி மக்களின் பங்கைத் தயங்காது எடுத்தவரின் பேரர்கள் பங்குக்காகவே வாளெடுத்தனர். நாடாயினும் வீடாயினும் பங்கில் நேர்மை வேண்டும் என்பதே இவ்வரலாற்றால் நாம் அறிவது.