கருவிகளை விற்காத வீடு



ஏ.ஆர். ரகுமானைத் தெரியாதவர் நம்மில் யாருமில்லை. அவருடைய அப்பா ஆர்.கே. சேகரை எத்தனை பேருக்குத் தெரியும்?

சென்னையில் வாழ்ந்த சேகர், 1964-ல் 'பழசிராஜா' என்ற மலையாளப் படத்துக்கு இசையமைத்தார். மற்ற இசையமைப்பாளர்களுக்கு அரேஞ்சராகவும் ஓயாமல் உழைத்தார். மெட்டு ஒருவர் போடுவார். வயலின் எங்கே நுழையணும், புல்லாங்குழல் எங்கே நிக்கணும் என்று தாளில் எழுதிக் கொடுப்பது அரேஞ்சர் வேலை. பேரும் புகழும் மெட்டுக்காரருக்கு!

திருவான்மியூர் அறையில், ரெக்கார்டு நோட்டு எழுதி முடித்தபின், பழைய கம்ப்யூட்டரில் எல்.எம்.எம்.எஸ். என்ற இலவச மென்பொருளில் நானும் ட்ராக் மேல் ட்ராக் அடுக்கிப் பார்க்கிறேன். அதே அரேஞ்சர் வேலைதான். பிடிக்கலேன்னா எனக்கு ஒரு பட்டன் போதும். அவருக்கோ, அத்தனை பேரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கும்போது தாள் சரியாக இருந்தாகணும்.

1976 செப்டம்பர் 30-ல், 43 வயதில் சேகர் காலமானார். மகனுக்கு அப்போது 9 வயது. வீட்டில் மிஞ்சியவை கீபோர்டு முதலிய இசைக்கருவிகள். விற்றுவிட்டு வட்டியில் பிழைக்கலாம் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. மனைவி கஸ்தூரி விற்கவில்லை, வாடகைக்கு விட்டார். குடும்பமும் நடந்தது, பிள்ளை விரல் பழகக் கருவியும் இருந்தது. 11 வயதிலேயே அவன் வாசிக்கக் கிளம்பிவிட்டான். 1992-ல் 'ரோஜா' வந்தது.

நண்பர்களே, கஷ்டம் வந்தால் நம் மாதிரி வீடுகளில் முதலில் விலை போவது தொழில் சாமான்தான். முடிந்தவரை அதை மட்டும் விற்காதீங்க.