தடுப்பூசி தந்த ஹாஃப்கின்

மும்பை மாநகரின் பரேல் பகுதியில் ஹாஃப்கின் நிறுவனம் என்னும் ஆய்வுக்கூடம் உள்ளது. வால்டெமர் ஹாஃப்கின் என்னும் அறிவியலாளரின் பெயரை அது தாங்கி நிற்கிறது. இவர் 1860ஆம் ஆண்டு, அந்நாளில் ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த ஒடெசா நகரில், யூதக் குடும்பமொன்றில் பிறந்தார்.

ஒடெசா பல்கலைக்கழகத்தில் மெச்னிகாஃப் என்னும் பேரறிஞரிடம் இவர் விலங்கியல் பயின்றார். உடலின் வெள்ளையணுக்கள் நோய்க்கிருமிகளை விழுங்கி அழிப்பதை உலகுக்கு விளக்கியவர் மெச்னிகாஃப். ஆசிரியரைப் போலவே ஆய்வில் ஈடுபட விரும்பினார் ஹாஃப்கின். ஆனால், யூதர் என்பதால் பேராசிரியர் பணி அவருக்கு மறுக்கப்பட்டது. எனவே தாய்நாட்டை விட்டுப் பாரிஸ் சென்றார். அங்குப் பாஸ்டர் நிறுவனத்தில் நூலகர் பணியே கிடைத்தது. அதனை ஏற்றுக்கொண்டு, எஞ்சிய நேரத்தில் ஆய்வு செய்தார்.

அக்காலத்தில் காலரா பல நாடுகளில் மக்களைக் கொன்று குவித்தது. அதற்கு ஹாஃப்கின் தடுப்பூசி ஒன்றை உருவாக்கினார். அதனை 1892ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் முதலில் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். சிறிது காய்ச்சல் கண்டு நலமடைந்த பின்னரே பிறருக்கு அளிக்க முன்வந்தார்.

தடுப்பூசி எவ்வாறு பயன்படுகிறது? வலுவிழந்த அல்லது இறந்த கிருமிகள் உடலுள் செலுத்தப்படுகின்றன. வெள்ளையணுக்கள் அவற்றை அயற்பொருள் என அறிகின்றன. அவற்றுள் ஒருவகை, அக்கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. வேறு சில, நினைவணுக்களாக உடலில் தங்குகின்றன. பின்னர் உண்மையான கிருமி நுழைந்தால், நினைவணுக்கள் அதனை அடையாளம் கண்டு விரைந்து செயல்படுகின்றன. நோய் முற்றுமுன் உடல் தன்னைக் காத்துக்கொள்கிறது.

1893ஆம் ஆண்டு ஹாஃப்கின் இந்தியாவிற்கு வந்தார். ஊசி என்றாலே மக்கள் அஞ்சிய காலம் அது. அவர் கொல்கத்தாவின் குடிசைப் பகுதிகளுக்குச் சென்று, இந்திய மருத்துவர்களின் துணையுடன் காலராத் தடுப்பூசி போட்டார். 1896இல் மும்பையில் பிளேக் நோய் பரவியது. ஹாஃப்கின் அங்கு விரைந்து, சிறிய அறையொன்றில் இரவு பகலாக உழைத்தார். வெப்பத்தால் கொல்லப்பட்ட கிருமிகளைக் கொண்டு தடுப்பூசி உருவாக்கினார். 1897 ஜனவரி 10ஆம் நாள், அதனையும் தம் உடலிலேயே முதலில் செலுத்திக்கொண்டார். பின்னர் இலட்சக்கணக்கானோர் அத்தடுப்பூசியைப் பெற்றனர்.

1902இல் அவருக்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. பஞ்சாபின் முல்கோவால் என்னும் சிற்றூரில், ஒரே புட்டியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் நோயால் இறந்தனர். பழி ஹாஃப்கினின் ஆய்வுக்கூடத்தின் மீது விழுந்தது. அவர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். ஆனால், அதே நாளில் பிற புட்டிகளிலிருந்து ஊசி போட்டுக்கொண்டவர்கள் நலமாகவே இருந்தனர். அப்புட்டியைத் திறந்தபோது, தரையில் விழுந்த இடுக்கி ஒன்று சரிவரத் தூய்மை செய்யப்படாமல் பயன்படுத்தப்பட்டிருந்தது. ரொனால்டு ராஸ் முதலிய அறிவியலாளர்கள் இச்சான்றுகளை எடுத்துக்காட்டி அவருக்காக வாதிட்டனர். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1907இல் ஹாஃப்கின் மீதான பழி நீங்கியது.

தமக்கு இழைக்கப்பட்ட அநீதியால் அவர் இந்தியாவை வெறுக்கவில்லை. மீண்டும் கொல்கத்தாவிற்கு வந்து சில ஆண்டுகள் பணியாற்றினார். பரேல் ஆய்வுக்கூடத்திற்கு 1925இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. 1930ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அவர் காலமானார். பிறர் உயிரைக் காக்கும் மருந்தைத் தம் உடலிலேயே முதலில் சோதித்த அவரது துணிவும், பழி சூழ்ந்தபோதும் தளராத அவரது பொறுமையும் நாம் போற்றத்தக்கவை.